துஞ்சாக் கண்ணர்: ஆறு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சென்னை, தஞ்சாவூர்

அப்பாவின் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் 14 வருடம் இரவுக் காவல் பார்த்தவர் எழுதிய நீள அட்டை நோட்டு. "11.20 தண்ணி லாரி வந்தது. 1.05 பி பிளாக் மோட்டார் நிறுத்தினேன். 3.40 பின்பக்கம் சுற்றி வந்தேன், சத்தம் இல்லை." பக்கம் பக்கமாக இப்படித்தான் போகும்.

போன ஐப்பசியில் அவர் இறந்தபோது அந்தக் குடியிருப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். பெரிய மாலை கொண்டுவந்தார்கள். மாலையோடு இருந்த அட்டையில் "எங்கள் வாட்ச்மேன்" என்று எழுதியிருந்தது. பெயர் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஒரு பழைய சம்பவம். பள்ளியில் ஒரு விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "காவலர்" என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு "காவலாளி" என்று திருத்தினார். "காவலர்னா போலீஸ்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டாம் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று அந்தச் சொல்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "செக்யூரிட்டின்னு போட்டிருக்கலாமேம்மா" என்றார். மூன்று சொல்லும் காக்கிற வேலையைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஆள் நிற்கிற உயரம் வேறு. அடுத்தவரைக் காப்பவருக்குத் தமிழில் இதுவரை என்னென்ன பெயர் இருந்திருக்கிறது என்று அந்தந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

சென்னையிலேயே தொடங்கலாம். எங்கள் தெருவில் இரவில் விசில் ஊதி, கம்பைத் தட்டிக்கொண்டு போகிறவரைக் கூர்க்கா என்கிறோம். அது ஒரு மக்களின் பெயர், நேபாளத்தில் ஓர் ஊரின் பெயர். இங்கே வேலையின் பெயராகிவிட்டது. மாதத் தொடக்கத்தில் வீடு வீடாக வந்து பணம் வாங்கிக்கொள்வார். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி இருக்கிறது. காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை சென்னை முழுவதும் அந்தப் பெயரைச் சொன்னது. கொத்தவால் என்றால் நகரத்தின் காவல் அதிகாரி. இந்துஸ்தானி வழியாக வந்த சொல். சொல்லுக்குரியவர் போய், சந்தையும் போய், பெயர் மட்டும் நிற்கிறது.

மாலையில் தஞ்சைப் பெரிய கோயில். இராசராசன் திருவாசலில் இரண்டு பக்கமும் ஒரே கல்லில் செதுக்கிய வாயிற்காவலர்கள். துவாரபாலகர் என்பது வடமொழிப் பெயர். ஒருவரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டுபவர்கள் இதற்குக் கணக்குச் சொல்வார்கள். யானை எவ்வளவு பெரியது, அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பைக் காலடியில் போட்டிருப்பவர் எவ்வளவு பெரியவர், அவரே வாசலில் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர்! கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் அந்த முகத்தைவிட்டுப் போகவில்லை. கோரைப்பல், விழித்த கண், எந்நேரமும் நின்ற கோலம். ஆயிரம் வருடமாக உட்காரவில்லை.

நான் தேடி வந்தது சிலையை அல்ல. இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் வரும் "திருமெய்காப்பு" என்ற சொல்லைத்தான். எந்தெந்த ஊர்ச் சபை கோயில் காவலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அந்த ஆளுக்கு ஊர் எப்படி நெல் அளக்க வேண்டும் என்று இராசராசன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். காவலுக்கு வருகிறவரின் சாப்பாடு ஊரின் கடமை.

அதே கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகளும் வருகின்றன. அரசனுக்கு ஆபத்து வரும் வேளையில் உயிரைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள். ளகரத்தை லகரமாகப் படித்துவிட்டால் வேலைக்காரர் ஆகிவிடும், கவனம். பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்பதாக வேளைக்காரர்கள் ஏற்றுக்கொண்ட தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. சிவன் கோயில் கல்லிலும் வருகிறார்கள், புத்தர் கோயில் கல்லிலும் வருகிறார்கள். கொடுத்த வாக்குத்தான் அவர்களுக்கு அடையாளம்.

இரண்டாம் நாள்: கும்பகோணம் பக்கம், மதுரை

காலையில் கும்பகோணம் பக்கம் ஒரு சின்னக் கோயில். கூட்டமே இல்லை. வாசலில் காக்கிச் சட்டையோடு ஒரு பெரியவர் பித்தளைப் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க இங்க வாட்ச்மேனா?"

"வாட்ச்மேன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஆர்டர்ல மெய்க்காவல்னு போட்டிருக்கும்மா."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நேற்றுக் கல்லில் இருந்த சொல் கொஞ்சம் மாறி இன்று ஒரு சம்பளப் பட்டியலில் உயிரோடு இருக்கிறது. கோயில் வேலைக்கான அறிவிப்புகளில் திருவலகு, மெய்க்காவல் என்று இன்றும் பதவிப் பெயர் வரும். திருவலகு என்றால் கோயிலைப் பெருக்குபவர். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பெயர் அது என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா, எனக்கு முன்னாடி எத்தனை பேரு பூட்டியிருப்பாங்க!" என்று பூட்டைப் பார்த்துச் சொன்னார். சாவிக்கொத்தை என் கையில் ஒரு நிமிடம் கொடுத்தார். நல்ல கனம்.

மதுரைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா, தன் அப்பா தலையாரி, அதாவது கிராமத்துக் காவல்காரர், என்றார். முன்பு கிராமத்தில் நிர்வாகம் பார்க்கும் முன்சீப், கணக்கு எழுதும் கர்ணம், தலையாரி, வெட்டியான் என்று ஒரு வரிசை உண்டு. முன்சீப், கர்ணம் பதவிகளை 1980இல் அரசு ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களை வைத்தது. தலையாரி இப்போது கிராம உதவியாளர். ஊரில் இன்னும் தலையாரி என்றால்தான் புரியும். தாத்தாவே ஒரு பழமொழியும் சொன்னார்: தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் சம்மதித்தபடி திருடலாம். "எங்கப்பா அப்படி ஆள் இல்ல" என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள்: மதுரை

இன்று எங்கும் போகவில்லை. பகலெல்லாம் விடுதி அறையில் படித்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு மேல் மாசி வீதிகளில் நடந்தேன்.

மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊரின் இரவைப் பாடியிருக்கிறார். நள்ளிரவில் திருடர் வருகிறார்கள். கையில் நிலத்தை அகழும் உளி, இடுப்பில் சுற்றிய நூலேணி. அவர்களைத் தேடி ஊர்காப்பாளர் வருகிறார்கள். யானையைப் பார்க்கும் புலிபோல, "துஞ்சாக் கண்ணர், அஞ்சாக் கொள்கையர்". தூங்காத கண், அஞ்சாத மனம். மழை கொட்டித் தேர் ஓடும் தெருவில் தண்ணீர் திரண்டு ஓடும் நடுராத்திரியிலும் சோம்பாமல் எழுந்து விருப்பத்தோடு சுற்றிவருகிறார்கள். தூங்காமல் இருப்பதையே பெருமையாகப் பாடிய ஒருவர் ஈராயிரம் வருடத்துக்கு முன் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அப்பா ஒருமுறை நாற்காலியில் கண் அசந்ததைக் குடியிருப்பில் யாரோ படம் எடுத்து அனுப்ப, அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தது. அன்று பகலில் அவர் தூங்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றிருந்தார்.

ஆனால் இதே சொல்லுக்கு இன்னொரு பக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கூப்பிடுவதும் ஊர்காப்பாளரைத்தான். அதே சொல், அதே ஊர். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான். போனவர்களில் சிலர் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்று சொல்கிறார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களைக் கரைக்கிறான். கடைசியில் குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அப்புறம் கண்ணகி அரண்மனை வாசலில் வந்து நின்று முதலில் அழைப்பதும் ஒரு காவலனைத்தான்: "வாயிலோயே, வாயிலோயே!" அரசன்மேல் இருந்த கோபத்தை முதலில் தாங்கியவன் வாசலில் நின்றவன். வாசலில் நிற்கிறவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் ஆகிறது. தண்ணீர் லாரி வராத நாளில் அப்பா வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது.

அந்தத் தயங்கியவர்களைப் பற்றி இளங்கோ அதிகம் எழுதவில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் மனம் நிற்கிறது. தயங்கினார்கள், சொல்லிப் பார்த்தார்கள், தடுக்கவில்லை. காவலில் நிற்பவருக்கு அது போதாது.

நடந்து நடந்து கிழக்குக் கோபுரம் பக்கம் வந்தேன். அங்கே மதுரைவீரன் சன்னதி. மீனாட்சி கோயிலைக் காப்பவர் அவர்தான் என்பது ஊர் நம்பிக்கை. ஊர்ச்சாமிகளில் வீரன் என்றால் காவல் தெய்வம் என்றுதான் பொருள் கொள்கிறோம். எதிரே ஒரு ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மணி ஒன்றே முக்கால். கண் திறந்துதான் இருந்தது.

நான்காம் நாள்: பெருங்காமநல்லூர்

உசிலம்பட்டி போய் அங்கிருந்து உள்ளே போக வேண்டும். இன்று எழுதுவது எளிதாக இல்லை, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்களின் போலீஸ் வரும் முன்பு தென் மாவட்டங்களில் காவல் என்பது ஓர் உரிமை. ஓர் ஊருக்குக் காவல்காரர் இருப்பார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. பாளையக்காரர்கள் பெரிய பரப்புக்குச் செய்த காவலுக்குத் திசைகாவல், தேசகாவல் என்று பெயர். ஊரில் மாடு களவு போனால் காவல்காரர் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். மாடு இருக்கும் இடத்தைத் துப்புக் கண்டு சொல்வதற்குக் கொடுக்கும் பணம் துப்புக்கூலி.

மதுரைச் சீமையில் பல ஊர்களில் இந்தக் காவல் பிறமலைக் கள்ளர்கள் கையில் இருந்தது. இதில் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். காவல் கொடுக்காத ஊரில் களவு நடந்தது, காவல்கூலி சுமையான ஊர்களும் இருந்தன. 1896இல் பல ஊரார் பண்டு என்று நிதி சேர்த்துக் காவல்காரர்களை வெளியேற்றினார்கள். அதற்கு வெகு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, ஆங்கில அரசு காவல் உரிமையைப் பறித்துக்கொண்டு வந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. காவல் என்ற சொல் ஊர்க்காரர் கையைவிட்டு அரசாங்கத்தின் கைக்குப் போனது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகக் கருதும் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்கள்மேல் பாய்ந்தது. ஊரில் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்த் தங்க வேண்டும். ராத்திரி கண் விழித்து ஊரைக் காப்பதற்குக் கூலி வாங்கிய குடும்பத்தின் பேரன், ராத்திரி தன் வீட்டில் படுக்க அனுமதி இல்லாதவன் ஆனான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

நினைவுத் தூணின் முன் நின்றேன். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் என்னோடு சேர்ந்து சொன்னான். பார்க்காமலேயே சொன்னான்.

திரும்பும் வழியில் ஒன்று உறைத்தது. அப்பா காவல் இருந்த இடத்தில் ஒருமுறை ஒரு சைக்கிள் காணாமல் போனது. அதன் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஈடு கட்டுவது என்ற பழைய வழக்கம் அவர்மேல் அப்படியே இருந்தது. ஆனால் அறுவடைப் பங்கு இல்லை, காவல் என் உரிமை என்று சொல்ல இடம் இல்லை. கடமையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டார்கள். இதை நினைத்து இன்று முழுவதும் கோபமாக இருக்கிறேன்.

ஐந்தாம் நாள்: அழகர்கோயில்

பதினெட்டாம்படிக் கருப்பருக்கு அங்கே சிலை இல்லை. சாத்திய கதவுதான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம், மாலை, அரிவாள்கள். மலையாள நாட்டிலிருந்து அழகரின் சக்தியைக் கவர வந்த பதினெட்டு மந்திரவாதிகளையும், அவர்களோடு வந்து இங்கேயே காவலாக நின்றுவிட்ட கருப்பரையும் பற்றி ஊரில் கதை உண்டு. கொடுக்கல் வாங்கல் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் இந்தக் கதவின் முன் சத்தியம் செய்யச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள் என்றார் பூக்கடை அம்மா.

சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, உடன் எடுத்துப் போகும் நகைகளின் பட்டியலை இந்த வாசலில் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி வாசித்துக் கணக்குக் காட்ட வேண்டும். கடவுளே ஆனாலும் காவல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்!

நோட்டைத் திறந்தேன். "ஏ 3 வீடு. டிவி ஒன்று வெளியே போனது, ஸ்டாண்டு சேர்த்து. மாலை திரும்பி வந்தது, ஸ்டாண்டு இல்லை. கேட்டேன்."

கேட்டேன் என்ற சொல்லுக்குக் கீழே அப்பா கோடு போட்டிருக்கிறார். கதவின் முன் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள்: எடுத்தனூர்

ராத்திரிப் பேருந்தில் திருவண்ணாமலை. அங்கிருந்து தண்டராம்பட்டுப் பக்கம் ஷேர் ஆட்டோ. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கு ஊர் நட்ட கற்கள். மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறுவை மீட்டு இறந்தான் என்று கல்லில் வரும். காத்தவருக்கு ஒரு சொல் என்று தேடி வந்தேன். இந்தக் கற்களில் வேலையின் பெயரைவிட ஆளின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர், என்ன பெயர், எப்படி இறந்தான் என்று எல்லாம் இருக்கும்.

எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும்போது இறந்திருக்கிறான். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாய். சின்ன உருவம்தான், ஆனால் தலை நிமிர்ந்திருக்கிறது. அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்று செய்தி.

நாய்க்குப் பெயர் இருக்கிறது. அதைக் கூப்பிட்ட பெயரையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஓடிவிடவில்லை, எஜமானன் விழுந்த பிறகும் அங்கேயே இருந்தது என்பதைப் பார்த்த யாரோ ஒருவர், இது அழியக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கல்தச்சருக்குக் கூலி கொடுத்து இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். கோவிவன், கோவிவன் என்று இரண்டு முறை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது.

அந்த மாலையில் இருந்த அட்டை ஞாபகம் வந்தது. அவர்களைக் குறை சொல்லி என்ன? அவர் கேட்டைத் திறந்தார், அவர்கள் உள்ளே போனார்கள். ஆனாலும் 14 வருடம்.

வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து நோட்டின் முதல் பக்கத்தில், அட்டைக்கு உள்பக்கம், அப்பாவின் பெயரையும் அவர் அப்பாவின் பெயரையும் எங்கள் ஊரையும் எழுதினேன். வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன்.

விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி நின்றார். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? தனியா குந்திக்கினு இருக்கியே?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். பாட்டிக்கு இரண்டும் தெரியவில்லை.

"இன்னா வேலை பாக்குறாரு?"

"ராத்திரியில காவல் இருந்தாரு பாட்டி. இப்போ இல்ல."

பாட்டி விறகை இறக்கி வைத்தார். "காவக்காரரு பொண்ணா நீ? எயுந்து வா, வூட்ல கூழு இருக்குது. குடிச்சிட்டுப் போவலாம்."